பதினேழாம் கேள்வி

பகடை வெள்ளை, புள்ளிகள் கறுப்பு.
போகோட்டாவில் மொத்தமாக வாங்கியது, பைக்கு நூறு.
விதி எளிது என்றார்கள் பயிற்சியில்:
நான் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.
அவர்கள் உருட்ட வேண்டும்.
ஒன்று விழுந்தால், நடந்தது எதுவானாலும், "ஆம்."
ஆறு விழுந்தால் "இல்லை."
மற்ற நான்குக்கு மட்டும்
நடந்ததைச் சொன்னால் போதும்.
பேசியது வாயா பகடையா
என்பது எனக்குப் புரியாது, எவருக்கும் புரியாது.
தொண்ணூறு வீடுகளைக் கூட்டிக் கழித்தால்
ஊரின் உண்மை மட்டும் திரண்டு மேலே வருமாம்
பாலாடை போல.

காக்கெட்டா ஆற்றில் மூன்று மணி நேரம் படகு.
பிறகு என் முழங்கால் வரைக்கும் சேறு.
முதல் வீட்டு ஆர்செசியோ
கேள்வி முடியும் முன்பே "தெரியாது" என்றார்.
இராணுவம் பற்றிக் கேட்டேன், தெரியாது.
கெரில்லாக்கள், தெரியாது.
உங்கள் வயது?
சற்று யோசித்துவிட்டு, தெரியாது.
இரவில் தொலைபேசியில் மேற்பார்வையாளர் சொன்னார்:
"அதையெல்லாம் வெற்றுக் கட்டமாக எடுத்துக்கொள்."
அன்றைக்கு மட்டும்
பதினொரு வீடு முழுக்க வெற்றுக் கட்டம்.
அவற்றில் விளக்கு எரிந்தது. குழந்தைகள் இருமினார்கள்.

நாற்பத்தொன்றாவது வீடு, தெயனிரா.
பலகை வீடு, கால்களின் மேல் நிற்பது,
கீழே கோழிகள்.
வெல்லத் தண்ணீர் கொடுத்தாள், கொதிக்கக் கொதிக்க.
ஒன்று முதல் ஐந்துக்குள் எவ்வளவு நம்புகிறீர்கள்,
இராணுவத்தை? மூன்று.
காட்டிலிருந்து வந்தவர்களை? மூன்று.
பாதிரியாரை? மூன்று.
மழையை, என்று படிவத்தில் இல்லாததைக் கேட்டேன்.
சிரித்தாள். "அதுவும் மூன்று."

வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர் என எழுதினேன்.
அடுப்பில் இருந்த பானை பதினைந்து பேருக்கு.
அவள் நாய் என் செருப்பைப் பார்த்துக் குரைத்தது.
பூட்ஸைப் பார்த்தால் குரைக்காதாம்,
அப்படிப் பழக்கியிருக்கிறாளாம்.
இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

பதினேழு:
"போர்க்காலத்தில் ஆயுதம் ஏந்திய எவருக்காவது
விரும்பி உணவு கொடுத்ததுண்டா?"

"விரும்பி என்றால்?"
கட்டாயமின்றி, என்று வாசித்தேன்.
"துப்பாக்கி மடியில் இருந்தால்?"
...
"சுவரில் சாய்த்து வைத்திருந்தால்?"
...
"வாசலிலேயே மாட்டிவிட்டு,
கை கழுவிக்கொண்டு,
அம்மா பசிக்கிறது என்று ஒருத்தன் உட்கார்ந்தால்?
மீசை முளைக்காதவன்?"

கையேட்டைப் புரட்டினேன்.
நாற்பது பக்கம். இரண்டு மொழியில்.

பகடையை உள்ளங்கையில் வைத்து
அவள் நெடுநேரம் பார்த்தாள்.
"இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு
பட்டியலோடு சிலர் வந்தார்கள், ஒரு செவ்வாய் இரவு.
என் கணவரிடம் கேட்டார்கள்.
பக்கத்து வீட்டு ஏவெலியோவிடம் கேட்டார்கள்.
அவர்கள் பகடை கொண்டுவரவில்லை, மகளே.
முதுகையும் திருப்பவில்லை."

நான் திருப்பினேன்.
சன்னலுக்கு வெளியே வாழை இலைகளில் மழை,
அதைப் பார்க்கிறவள்போல நின்றேன்.
பலகையில் பகடை உருளும் சத்தம்
உருண்டு
உருண்டு
நின்றுபோனது, பாதியிலேயே.
கீழே ஒரு கோழி கத்தியது.

"சந்தில் விழுந்துவிட்டது" என்றாள்.
இன்னொன்று தருகிறேன், பையில் நிறைய இருக்கிறது.
"வேண்டாம்."
பானையை ஒருமுறை கிளறினாள்.
"ஆம் என்று எழுதிக்கொள்."

எழுதினேன்.
பேனா ஈரத்தில் தடுக்கியது, மறுபடி எழுதினேன்.

கணக்குக் காட்டவேண்டிய பகடை அது.
வீட்டுக்கு அடியில் குனிந்து
கண்ணை இறுக மூடிக்கொண்டு
எச்சத்திலும் சேற்றிலும் கையால் துழாவினேன்.
விதியை நான் மீறவில்லை, பார்க்கவே இல்லை.
ஆனால் அந்த மலிவுப் பகடையில்
ஒவ்வொரு புள்ளியும் சிறு குழி.
கட்டைவிரல் தானாகவே மேல்முகத்தில் போய் நின்றது.
எண்ணிவிட்டது.

பலகைச் சந்தில் அவள் கண் தெரிந்தது.
"என்ன விழுந்திருக்கிறது?"

தெரியாது, என்றேன்.